பூட்டிய வீட்டில் ஒரு காலண்டர்

விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை. பக்கவாட்டில் ஆட்டம் காணும் இரும்புப் படி. ஏறினால் ஒற்றை அறை. கதவில் ஒரு போர்டு.

'ஆண்டோ டிடெக்டிவ் ஏஜென்சி. திருமணத்துக்கு முன், பின் விசாரணைகள். ரகசியம் காக்கப்படும்.'

ரகசியம் உண்மையிலேயே காக்கப்பட்டது. அப்படி ஒரு ஏஜென்சி இருப்பது கீழே ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கே தெரியாது.

ஆண்டோவுக்கு வயது நாற்பத்தாறு. பதினைந்து வருட சர்வீசில் அவர் மடக்கிய மிகப் பெரிய குற்றவாளி, ஒரே நாளில் இரண்டு பெண் வீட்டில் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்ட ஒரு மாப்பிள்ளை. அதுகூட ஆண்டோவின் சாமர்த்தியம் இல்லை. மாப்பிள்ளையே வயிற்றுவலி தாங்காமல் ஒப்புக்கொண்டுவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் படி கிடுகிடுத்தது. உதவியாளர் ஜெர்லின் தலையைத் தூக்கினாள். கீழ்க்கடையில் ஏழு வருடம் டைப் அடித்து, பிறத்தியார் எழுத்தில் பிழை பிடித்தே பழகிய கண் அவளுக்கு.

"கலைப்பிரியா மேடம் சார். கோவமா வர்றாங்க."

"முகத்தப் பாக்காமலேயே எப்படிச் சொல்ற?"

"படி சொல்லுது சார்."

கலைப்பிரியா உள்ளே வந்து, ஸ்பைரல் போட்ட ஒரு ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தாள். திண்டிவனத்தில் அரசுப் பள்ளி இயற்பியல் ஆசிரியை. விழுப்புரத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய்வந்து அலுத்துப்போய், திண்டிவனத்திலேயே ஒரு வீடு வாங்க முடிவு செய்திருந்தாள். துரைக்கண்ணு என்ற பழைய கொத்தனார் மேஸ்திரியின் வீடு. திங்கட்கிழமை பத்திரப்பதிவு.

வாங்கும் முன் சுவர், தளம், அஸ்திவாரம் எல்லாவற்றையும் விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று அவள் விரும்பினாள். "வீடும் கல்யாணம் மாதிரிதான் மேடம். விசாரிக்காம உள்ள நுழையக் கூடாது" என்று ஆண்டோ தானாகவே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். முருகையன் என்ற இன்ஜினியரைப் பிடித்தது, தேதி குறித்தது, வழி சொன்னது எல்லாம் அவர்தான். ஏஜென்சியின் சேவைப் பட்டியலில் 'வீடு வாங்குமுன் விசாரணை' என்று ஒரு வரிகூடச் சேர்த்துவிட்டார். இது அதன் கீழ் வந்த முதல் கேஸ்.

"படிங்க சார்" என்றாள் கலைப்பிரியா.

ஆண்டோ உரக்கப் படித்தார். "'பின் அறையின் மேல்தளத்தில் கம்பிகள் துருப்பிடித்து உப்பியுள்ளன. சுவரில் சாய்வான விரிசல். இத்தளத்தின் மேல் எந்தப் பாரமும் ஏற்றக் கூடாது.'" கடைசி வரியின் கீழ் சிவப்பு மையில் இரண்டு கோடு.

"நல்லதாப் போச்சே மேடம். வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடிச்சு."

"அதான் சார் பிரச்சனை. இத மேஸ்திரிகிட்ட காமிச்சேன். அவரு சண்டை போடல, சத்தம் போடல. ரிப்போர்ட்ட மடிச்சி என் கையில குடுத்துட்டு, 'நாப்பது வருசம் ஊருக்குக் கட்டினேம்மா, எனக்குன்னு கட்டினது இது ஒண்ணுதான்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ரெண்டு நாளா சாப்பிடலன்னு அவரு பொண்ணு பாண்டியிலேர்ந்து ஃபோன் பண்ணுது." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஏமாத்த நெனைக்கறவரு சாப்பிடாம இருப்பாரா சார்? யாராவது காசு குடுத்து இத எழுத வச்சாங்களா? இல்ல மேஸ்திரிதான் நடிக்கறாரா? திங்கக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும்."

"கண்டுபிடிச்சிடலாம்."

"நீங்க சர்வே அன்னிக்கு முழுக்கக் கூட இருந்தேன்னு சொன்னீங்களே? அந்த விரிசல் உங்க கண்ணுல பட்டுதா?"

ஆண்டோ பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "பட்டுதுன்னும் சொல்ல முடியாது மேடம். படலன்னும் சொல்ல முடியாது."

அன்று காலையிலிருந்து அவர் சொன்னவற்றில் கலப்படமில்லாத உண்மை அது ஒன்றுதான்.

அவசரமாகப் பேச்சை மாற்றி, ரிப்போர்ட்டில் இருந்த புகைப்படத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தார். விரிசல் விட்ட சுவர். அளவு தெரிவதற்காக விரிசலின் பக்கத்தில் ஒரு பேனாவைப் பிடித்துப் படம் எடுத்திருந்தார் இன்ஜினியர். ஆண்டோ அந்தப் பேனாவைப் பத்து நிமிடம் ஆராய்ந்தார்.

"மருந்துக் கம்பெனி குடுத்த பேனா. இன்ஜினியருக்கு அல்சர் இருக்கலாம்."

"அவருக்கு அல்சர்னா செவுரு ஏன் சார் வெடிக்குது?" என்று ஜெர்லின் படத்தைத் தன் பக்கம் திருப்பினாள். ஐந்து விநாடி பார்த்தாள். "மேடம், இந்த வீடு எத்தன நாளா பூட்டிக் கெடக்குது?"

"பொங்கல்லேர்ந்து. மேஸ்திரி அப்பவே பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாரு. பாக்க வர்றவங்களுக்காக சாவிய மட்டும் மீட்டர் பெட்டியில வச்சிருக்காரு."

"சர்வே என்னிக்கு?"

"மே பன்னெண்டு."

ஜெர்லின் படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். சுவரில் ஒரு தினசரி காலண்டரின் பாதி தெரிந்தது. பெரிய எழுத்தில் 12.

"நாலு மாசமா ஆளே இல்லாத வீட்டுல, அன்னன்னிக்குத் தேதிய யாரு சார் கிழிச்சிக்கினு இருக்காங்க?"

ஆண்டோ எழுந்து நின்றார். இப்படிப்பட்ட தருணங்களில் எழுந்து நிற்பது அவர் வழக்கம். அடுத்து என்ன செய்வது என்றுதான் தெரியாது.

"மேடம்... அந்த வீட்டுல யாரோ ரகசியமாக் குடியிருக்காங்க!"

*

திண்டிவனம் பஸ்ஸில் கலைப்பிரியா முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் ஆண்டோவும் ஜெர்லினும். விக்கிரவாண்டியில் ஜன்னல் வழியாக அவித்த வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, வாங்கி, தோலை உரித்தபடியே ஆண்டோ தன் கண்டுபிடிப்பை வளர்த்தார்.

"மீட்டர் பெட்டியில சாவி. எவனோ பாத்துட்டான். எடுத்துத் தொறந்து உள்ள குடும்பம் நடத்திக்கினு இருக்கான். வீடு வித்துப்போனா அவன் காலி பண்ணணும். அதனால இன்ஜினியர மடக்கி, வீடு மோசம்னு எழுத வச்சிட்டான்."

"ஒளிஞ்சிக்கினு இருக்கறவன் காலண்டர்லாம் மாட்டுவானா சார்?"

"ராகுகாலம் பாக்க வேணாமா?"

ஜெர்லின் ஒரு மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "பன்னெண்டாம் தேதி நீங்க திண்டிவனம் போகவே இல்லதான சார்?"

"யார் சொன்னா?"

"உங்க கேஸ் டைரி. பக்கத்துக்கு அடையாளமா ஒரு சினிமா டிக்கெட் சொருகி வச்சிருக்கீங்க. பன்னெண்டாம் தேதி, மத்தியானக் காட்சி."

பதினைந்து வருட டிடெக்டிவ் ஒருவரை இரண்டு விநாடியில் பிடித்துவிட்டாள். ஆண்டோ மல்லாட்டைத் தோலைப் பார்த்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அன்று காலை வேறொரு கேஸில் ஒரு மாப்பிள்ளையைப் பின்தொடர்ந்தார். மாப்பிள்ளை தியேட்டருக்குள் நுழைந்தார். ஆண்டோவும் நுழைந்தார். உள்ளே ஏசி. கண் விழித்தபோது மாப்பிள்ளையும் இல்லை, மத்தியானமும் இல்லை.

"மேடம்கிட்ட சொல்லிடுங்க சார்."

"கேஸ் முடியட்டும்."

"கேஸே அதுவா இருந்துதுன்னா?"

ஆண்டோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

செஞ்சி ரோட்டிலிருந்து உள்ளே போனால் வசந்தம் நகர். மூன்றாவது குறுக்குத் தெருவின் கடைசிக்கு முந்தின வீடு துரைக்கண்ணுவுடையது. அதை ஒட்டிக் கடைசி வீடு. அதன் வாசலில் அடர்ந்த புங்கமரம், சுவரோரம் செங்கல் குவியல், மணல் மேடு. யாரோ மாடி எடுக்கிறார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் வாசல்ல நில்லுங்க. நான் பின்பக்கமாப் போய் அவன மடக்கறேன்" என்றார் ஆண்டோ.

பின் மதில் ஐந்தடி உயரம். ஏறும்போது பேன்ட் 'சர்'ரென்று கிழிந்தது. இறங்கும்போது கால் வழுக்கி வாழைமரத்தடிச் சேற்றில் குந்தினார். எழுந்து, சேறு சொட்ட, பின் கதவை நோக்கிக் கையை நீட்டினார்.

"உள்ள இருக்கறது யாரு? வெளிய வா!"

கதவு திறந்தது. ஒல்லியாக, தோளில் துண்டோடு ஒரு பெரியவர் நின்றார். அறுபத்தெட்டு வயது. முகம் இரண்டு நாள் பட்டினியைக் காட்டியது.

"நான்தாங்க துரைக்கண்ணு. டீச்சரம்மா வரச் சொல்லிச்சின்னு பாண்டியிலேர்ந்து வந்தேன்." அவர் ஆண்டோவை மேலும் கீழும் பார்த்தார். "முன்கதவு தொறந்துதாங்க இருக்குது."

பின்னால் கலைப்பிரியாவும் ஜெர்லினும் நின்றார்கள். முன்கதவு வழியாக வந்தவர்கள்.

"என்னா சார், மடக்கிட்டீங்களா?" என்றாள் ஜெர்லின்.

உள்ளே ஒளிந்திருந்தது ஒரு பல்லி மட்டுமே. கூடம், சமையலறை, பின் அறை எல்லாம் துடைத்துவிட்டது போல் காலி. பின் அறைச் சுவரைப் பார்த்தார்கள். விரிசல் இல்லை. அண்ணாந்து பார்த்தார்கள். தளம் பளிங்கு மாதிரி இருந்தது.

"காலண்டர் எங்க மாட்டுவீங்க?" என்று ஜெர்லின் கேட்டாள்.

"செவுத்துலயா?" துரைக்கண்ணுவின் முகத்தில் முதல் முறையாக உயிர் வந்தது. "இந்த வூட்டுல ஒரு ஆணி அடிக்க வுட்டதில்லம்மா. காலண்டர் மாட்டணும்னு என் சம்சாரம் பத்து வருசம் கேட்டுது. பீரோ கதவுல ஒட்டிக்கோன்னு சொல்லிட்டேன்."

நான்கு சுவரிலும் தடவிப் பார்த்தார்கள். ஓர் ஆணித் துளைகூட இல்லை. அப்படியென்றால் படத்தில் இருப்பது இந்தச் சுவரே இல்லை.

ஆண்டோ தன் முதல் கண்டுபிடிப்பை நல்லடக்கம் செய்துவிட்டு, அந்த இடத்திலேயே இரண்டாவதைப் பெற்றெடுத்தார். "புரிஞ்சிடிச்சு! இன்ஜினியர் இங்க வரவே இல்ல. ஏதோ ஒரு இடிஞ்ச வீட்டப் படம் புடிச்சி ஒட்டிட்டாரு. எழுத வச்சது புரோக்கர்!"

"பத்திரம் நின்னுபோனா புரோக்கருக்குக் கமிஷன் போயிடும் சார். அவரு வயித்துல அவரே ஏன் அடிச்சிக்கணும்?"

இரண்டாவது கண்டுபிடிப்பும் போய்ச் சேர்ந்தது. ஆயுள் அரை நிமிடம்.

அப்போது ஆண்டோவின் போன் அடித்தது. காலையிலிருந்து கூப்பிட்டும் எடுக்காமலிருந்த முருகையன். ஆண்டோ ஸ்பீக்கரில் போட்டார்.

"மன்னிச்சிடுங்க சார். மேல்சித்தாமூர்ல ஒரு சைட்டு. இப்பத்தான் சார்ஜ் போட்டேன். இன்னா விஷயம்?"

"நீங்க திண்டிவனம் வீட்டுக்கு உண்மையிலேயே போனீங்களா?"

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? ரெண்டு மணி நேரம் பாத்தேன். மீட்டர் பெட்டியில சாவி இருக்கும்னீங்க. அதுக்கு வேலையே இல்ல. வாசல்லயே அந்த அம்மா, 'இன்ஜினியர் சாரா? உங்களுக்குத்தான் காத்துக்கினு இருக்கோம்'னு கூட்டிக்கினு போனாங்க. நல்ல காபி சார். பின்ரூம்ல அவங்க வூட்டுக்காரரு தூங்கிக்கினு இருந்தாரு. எழுப்பக் கூடாதுன்னு சுத்தியல மெதுவாத்தான் தட்டினேன்."

துரைக்கண்ணுவும் கலைப்பிரியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்டோவின் கண்கள் மின்னின. புதைத்தது எழுந்துவிட்டது.

"சொன்னேன்ல! குடும்பமே ஒளிஞ்சிக்கினு..."

"சார், கொஞ்சம் சும்மா இருங்க" என்று ஜெர்லின் போனருகே குனிந்தாள். "முருகையன் சார், நீங்க போனது எந்த வீடு?"

"எந்த வீடா? ஆண்டோ சார் அனுப்பின லொகேஷன்ல இருக்கற வீடுதாம்மா. ஊசி குத்தின எடத்துலயே எறங்கினேன்."

ஜெர்லின் கேட்காமலேயே ஆண்டோவின் கையிலிருந்து போனை வாங்கினாள். அந்தப் பழைய செய்தியைத் திறந்தாள். வரைபடம் விரிந்தது. நீலப் புள்ளி, அவர்கள் நிற்கும் இடம். சிவப்பு ஊசி அதற்குப் பக்கத்தில் இருந்தது. மேலே இல்லை. பக்கத்தில்.

ஆண்டோவுக்கு ஏப்ரல் மாத வெயில் ஞாபகம் வந்தது. வீட்டைப் பார்க்க வந்த அன்று மண்டை பிளந்தது. சிக்னலும் இல்லை. நான்கு எட்டு நடந்து பக்கத்து வீட்டுப் புங்கமர நிழலில் நின்று, சில்லென்ற காற்றில் லொகேஷனை அனுப்பினார். எவ்வளவு சுகமாக இருந்தது!

பதினைந்து வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்த பெரிய குற்றவாளி கடைசியில் கிடைத்துவிட்டார். சேறு பூசிய பேன்ட்டோடு அந்த அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க கூடவே இருந்தேன்னு சொன்னீங்களே சார்?" என்றாள் கலைப்பிரியா. குரலில் கோபம் இல்லை. அதுதான் வலித்தது.

"இல்ல மேடம். நான் அன்னிக்கு வரல. பொய் சொன்னேன். லொகேஷன தப்பா அனுப்பினதும் நான்தான். இன்ஜினியர் மேலயோ மேஸ்திரி மேலயோ ஒரு தப்பும் இல்ல."

யாரும் பதில் சொல்வதற்குள் வெளியே 'தொம்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. மேலே, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து.

துரைக்கண்ணு சட்டென்று தலையைத் திருப்பினார். நாற்பது வருடக் காது. "செங்கல்லு. அந்த வூட்டு மேல செங்கல்லு ஏத்தறாங்க."

போனில் முருகையன் கத்தினார். "சார்! நான் பாத்த வூட்டுலயா? மேல ஒண்ணும் வைக்கக் கூடாதுன்னு செகப்பு மையில எழுதியிருக்கேனே! பின்ரூம்ல ஆளுங்க இருக்கக் கூடாது! நான் ஜல்தி வர்றேன்!"

*

நான்கு பேரும் ஓடினார்கள். பக்கத்து வீட்டு கேட்டில் துரைக்கண்ணு மட்டும் நின்றுவிட்டார்.

முறத்தோடு வாசலுக்கு வந்தாள் வீட்டுக்காரி அமல்ராணி. கூட்டத்தைப் பார்த்தவள், கடைசியில் நின்ற துரைக்கண்ணுவைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இன்னா மேஸ்திரி, ஆறு வருசம் கழிச்சி இந்தப் பக்கம்?"

"அம்மா, நான் டிடெக்டிவ் ஆண்டோ..."

"டிடெக்டிவா? எங்க வூட்டுல எதுவும் களவு போவலியே!"

ஆண்டோ மூச்சு வாங்கினார். சுற்றி வளைக்க நேரம் இல்லை. "பத்து நாள் முன்னாடி சுத்தியலோட ஒரு இன்ஜினியர் வந்தாரே, அவரு உங்களுக்கு வந்தவரு இல்லம்மா. பக்கத்து வீட்டுக்கு வந்தவரு. தப்பான எடத்த அனுப்பினவன் நான்."

"எங்க அண்ணன்தான பாண்டியிலேர்ந்து அனுப்பிச்சி? மாடி எடுக்கலாமான்னு பாக்க ஆளு அனுப்பறேன்னு சொல்லிச்சி. வந்தாரு, பாத்தாரு. ஒண்ணுமே கொறை சொல்லலியே. அதான் சரின்னு வேலய ஆரம்பிச்சிட்டோம்."

"ஒண்ணும் சொல்லாம இல்லம்மா. சொன்னது இவங்க வீட்டுக்குப் போயிடிச்சு" என்று ஜெர்லின் கலைப்பிரியாவின் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பிரித்துப் படத்தைக் காட்டினாள். "இது உங்க காலண்டரா?"

அமல்ராணி குனிந்தாள். "எங்களுதுதான். மாதா கோயில் பங்குல குடுத்தது." பிறகு அவள் கண் சிவப்புக் கோட்டுக்கு இறங்கியது. உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தாள். முறம் கையிலிருந்து நழுவியது.

"அய்யோ மாதாவே, அவரு உள்ள தூங்கறாரு. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுத்தாரு."

அதற்குள் துரைக்கண்ணு கேட்டைத் தாண்டிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. நேரே பின் அறைக்குள் போனார். கட்டிலில் மல்லாந்து கிடந்த அமல்ராணியின் கணவன் ஜூட்டை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். ஜூட் பாதித் தூக்கத்தில், "இன்னா மேஸ்திரி, எங்க வூட்டுல நீங்க?" என்று குழறியபடியே லுங்கியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குத் தள்ளப்பட்டான்.

அடுத்து அவர் மாடிப் படியில் பாதி ஏறி நின்று குரல் கொடுத்தார். இரண்டு நாள் சாப்பிடாத உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

"யாரும் நடுவுல நிக்காதீங்க! செவுத்த ஒட்டி நில்லுங்க! செங்கல்ல வீசக் கூடாது. ஒவ்வொண்ணா கைமாத்தி எறக்குங்க!"

மேலே இருந்த மூன்று ஆட்கள் அப்படியே சுவரோரம் ஒதுங்கினார்கள். படியில் வரிசை அமைந்தது. துரைக்கண்ணு, ஜூட், கலைப்பிரியா, ஜெர்லின், கடைசியில் ஆண்டோ. செங்கல் கைக்குக் கை இறங்கியது. இருபதாவது செங்கலில் ஆண்டோவின் உள்ளங்கை உரிந்தது. ஐம்பதாவதில் இடுப்பு போனது.

"இப்பத்தான் சார் உருப்படியா ஒரு வேல செய்யறீங்க" என்றாள் ஜெர்லின்.

ஆண்டோ அடுத்த செங்கலுக்குக் கையை நீட்டினார்.

பாதிச் செங்கல் இறங்கியிருக்கும். உள்ளே 'பொத்'தென்று ஒரு சத்தம். எல்லோரும் அப்படியே நின்றார்கள். அமல்ராணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேங்காய் அளவுக்கு ஒரு காரைக்கட்டி, கட்டிலில், தலையணையின் நட்டநடுவில் கிடந்தது. மேலே தளத்தில் அது பெயர்ந்த இடத்தில் கம்பி கறுத்து, செதில் செதிலாகத் தெரிந்தது.

ஜூட் வெகுநேரம் அந்தத் தலையணையையே பார்த்தான். "நான் அங்கதான படுத்துக்கினு இருந்தேன்?" என்று பொதுவாகக் கேட்டான்.

*

முருகையன் வந்து சேர்ந்தபோது மணி நான்கு. அதற்குள் துரைக்கண்ணு தெருமுனைக் கடையிலிருந்து சவுக்குக் கம்புகள் வரவழைத்து, தளத்துக்குக் கீழே பலகை கொடுத்து வரிசையாக முட்டு நிறுத்திக்கொண்டிருந்தார். இன்ஜினியர் ஒவ்வொரு முட்டுக் கம்பையும் ஆட்டிப் பார்த்தார். ஒன்றைக்கூட மாற்றச் சொல்லவில்லை.

"வாசல்லயே பேரக் கேட்டிருக்கணும் சார். காபி வந்ததும் மறந்துட்டேன்" என்று ஆண்டோவிடம் முனகினார்.

"நீங்க சுவரையாவது பாத்தீங்க" என்றார் ஆண்டோ.

கலைப்பிரியா பக்கத்தில் வந்தாள். ஆண்டோ எழுந்து நின்றார். இந்த முறை அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருந்தது.

"மேடம், இந்தக் கேஸுக்கு உங்ககிட்ட ஒண்ணும் வாங்க மாட்டேன். எழுத்துல வேணும்னா குற்றவாளின்னு என் பேரையே எழுதித் தர்றேன்."

கலைப்பிரியா அவருடைய கிழிந்த பேன்ட்டையும், தோல் உரிந்த கையையும், அதன் பின் அந்த வீட்டு ஜன்னலையும் பார்த்தாள்.

"நீங்க மட்டும் அன்னிக்கு ஒழுங்கா வந்திருந்தீங்கன்னா, இந்த வீட்டுக்காரரு இப்ப உயிரோட இருந்திருக்க மாட்டாரு. அதுக்காக உங்களப் பாராட்டவும் முடியல. திட்டவும் முடியல. என் பசங்க பரீட்சையில இப்படித்தான் தப்பான ஃபார்முலா போட்டு சரியான விடை கொண்டுவருவாங்க."

"மார்க் போடுவீங்களா மேடம்?" என்றாள் ஜெர்லின்.

"அரை மார்க்." பிறகு முருகையனிடம் திரும்பினாள். "வாங்க சார். இப்ப அந்த வீட்டப் பாருங்க. நானே கூட நிக்கறேன்."

இருவரும் மேஸ்திரியின் வீட்டுக்குள் போனார்கள். துரைக்கண்ணு போகவில்லை. "நீங்க பாருங்க, எனக்கு இங்க வேல கெடக்குது" என்று சொல்லிவிட்டார். மூன்றாவது முட்டின் அடியில் ஆப்பை வைத்து அடித்தபடியே இருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் சுத்தியல் 'டொக், டொக்' என்று சுவரைத் தட்டும் சத்தம் வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவர் கை நின்று நின்று அடித்தது.

அமல்ராணி ஒரு தட்டில் நான்கு இட்லியும் ஒரு டம்ளர் காபியும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். சற்றுத் தயங்கினாள்.

"ஆறு வருசம் முன்னாடியே சொன்னீங்க மேஸ்திரி. தளத்துல தண்ணி எறங்குதுன்னு. நீங்க வேல புடிக்கறதுக்காகச் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன்."

துரைக்கண்ணு ஆப்பைக் கீழே வைத்தார். "நானும் உள்ள வந்து நெதானமாச் சொல்லியிருக்கலாம். நடுத்தெருவுல நின்னு கத்தினேன். யாருக்குத்தான் கோவம் வராது?"

"சாப்பிடுங்க. ஆறிடப் போவுது."

அவர் தரையில் உட்கார்ந்து ஒரு இட்லியைப் பிட்டார். அப்போது சுத்தியல் சத்தம் நின்றது. கை வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது.

முருகையனும் கலைப்பிரியாவும் மதிலோரம் வந்தார்கள். இன்ஜினியரின் கையில் நோட்டு.

"மேஸ்திரி, நான் இருபது வருசமா வீடு பாக்கறேன். இந்த மாதிரி நேரா நிக்கற செவுத்த நான் பாத்ததில்ல. தளத்துல ஒரு கீறல் இல்ல." நோட்டைப் புரட்டினார். "ஒரே ஒரு கொறை. குளியலறையில தண்ணி வாட்டம் சரியில்ல. மூலையில தேங்கும்."

துரைக்கண்ணு உடனே சொன்னார். "அது நான் போட்டது இல்லைங்க. எனக்கு ஜொரம் வந்து படுத்துக்கினு இருந்தப்ப என் மச்சான் போட்டது."

கலைப்பிரியா சிரித்துவிட்டாள். "அத நான் சரி பண்ணிக்கறேன் மேஸ்திரி. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு பத்திர ஆபீஸுக்கு வந்துடுங்க."

துரைக்கண்ணு தலையை மட்டும் ஆட்டினார். கையிலிருந்த இட்லியை வாயில் போட்டு மென்றார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு முட்டுக் கம்பை மறுபடியும் அடித்து இறுக்கத் தொடங்கினார்.

துடைத்தது வேர்வையா, வேறு ஏதாவதா? ஜெர்லின் ஆண்டோவைப் பார்த்தாள். இந்த முறை அவர் எதையும் கண்டுபிடிக்க முயலவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய், அடுத்த சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.